ஃபைலில் வைத்த பதக்கம்

என் மகள் அஃப்ஷா பத்தாவதில் தோற்றுப்போன அன்று எங்கள் சந்தில் யாருக்கும் வேறு வேலை இல்லாமல் போயிற்று. தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள், எங்கேயும் போகாதவர்கள் எல்லோரும் எங்கள் வாசலில் நின்று, தலையை உள்ளே நீட்டி, "அழுதாளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும். பத்தடி அறைக்கு அந்தக் கதவுதான் ஜன்னலும். பதினொரு மணிவாக்கில் எதிர்வீட்டு வானமாமலை அண்ணாச்சி ஒரு பக்கெட்டோடு வெளியே வந்தார். இரண்டு பெரிய விரிப்புகளையும் ஒரு பட்டாளத்துக் கம்பளியையும் எங்கள் வாசலுக்கு நேராகக் கயிற்றில் தொங்கவிட்டார். ஜூன் மாதம், தூறிக்கொண்டிருந்தது.

"மழையில எந்தக் கிறுக்கனாவது துணி காயப் போடுவானா?" என்று அவர் மனைவி முருகம்மாள் மதினி உள்ளே இருந்து சத்தம் போட்டாள்.

"காயும்போது காயட்டும்" என்றார் அவர்.

மூன்று நாள் அந்தத் துணிகள் காயவில்லை. மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியவில்லை. நான்காம் நாள் சந்தின் கோடியில் ஒரு பெண் வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்தாள். எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். அண்ணாச்சி துணியை எடுத்து மடித்துக்கொண்டு உள்ளே போனார். இதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் ராணுவத்தில் வீரப் பதக்கம் கொடுத்திருந்தார்கள்.

அவர் நாங்குநேரிப் பக்கம். அப்பா சுப்பையா தாராவிக்குப் பிழைக்க வந்து எங்கள் சந்தில் ஓர் அறை வாங்கிப் போட்டார். மகன் பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். துப்பாக்கி பிடித்து மீசை முறுக்கிய பட்டாளக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. சமையல்காரர். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் வடக்கே மலைமேல் சண்டை நடந்தபோது, மேலே இருக்கிறவர்களுக்குச் சோறு கொண்டுபோகிற வேலை. போகிற வழியில் குண்டு விழுந்தது. விழுந்து கிடந்த ஒருவரைத் தோளில் தூக்கிக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். மறுபடி மேலே போய் இன்னொருவரையும் தூக்கி வந்தார். இரண்டாவது தடவை பக்கத்தில் வெடித்ததில் அவருடைய இடது காது போயிற்று. தூக்கி வந்த இருவரில் ஒருவர் பிழைத்தார், சாத்தாராக்காரர். பதக்கத்தோடு கொடுத்த காகிதத்தில், தன் உயிரைத் துச்சமாக மதித்து என்றெல்லாம் இங்கிலீஷிலும் இந்தியிலும் அச்சடித்திருக்கிறார்கள்.

அண்ணாச்சியைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்.

"நான் ரெண்டாந் தடவை தேக்சாவை எடுக்கத்தான் போனேன் தங்கச்சி. அம்பது பேருக்குப் பருப்பு அதுல. போயிப் பாத்தா பக்கத்துல இவன் கெடக்கான். பருப்பையா தூக்கிட்டு வர முடியும்?"

பதக்கத்தை எலிக்குப் பயந்து மூடி போட்ட ஒரு ஸ்டீல் சம்படத்தில் போட்டு வைத்திருந்தார். வருஷத்தில் இரண்டு நாள் அது வெளியே வரும். ஆகஸ்ட் பதினைந்தும் ஜனவரி இருபத்தாறும். அந்த இரண்டு நாளும் அவர் வீரர். மற்ற நாளெல்லாம் சான்பாடாவில் பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு வாட்ச்மேன்.

அந்த இரண்டு நாளில் அவரை விடமாட்டார்கள். காலையில் அந்தக் கட்டடத்தில், சான்பாடா சொசைட்டியில், வாட்ச்மேன் சட்டைமேல் பதக்கத்தைக் குத்திக்கொண்டு கொடிக்கம்பத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். செக்ரட்டரி அவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார். ஜன கண மன கடைசி வரி முடிந்ததும், "சலோ, கேட் பே ஜாவ்" என்று வாசல் காவலுக்கு அனுப்பிவிடுவார். மத்தியானம் எங்கள் பக்கம். எங்கள் ஏரியாவில் எல்லாக் கட்சிக்கும் ஒரே ஆளாக இருக்கிற பஞ்சு மேடை போட்டு வைத்திருப்பார். பஞ்சுவை நான் குறை சொல்லக் கூடாது. நல்ல மனுஷன். கெட்டது செய்யத் தெரியாது. நல்லது செய்தாலும் அது அப்படி முடியாது, அவ்வளவுதான். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வருவார். வந்தவர் வீரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். அண்ணாச்சி எப்போதும் இடது காது பேச்சாளர் பக்கம் இருக்கும்படியாக உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். நாட்டுப்பற்றில் உருகுகிறார் என்று ஜனங்கள் கைதட்டுவார்கள்.

முடிவில் ஒரு சால்வை, ஒரு தேங்காய். இந்த ஊரில் மரியாதை என்றால் அதுதான். காலையில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, மத்தியானம் ஒன்று. பதினாறாம் தேதி எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் தேங்காய்ச் சட்னி. சால்வைகளை மதினி நாலாக வெட்டி ஓரம் அடித்துப் பிள்ளை பெற்ற வீடுகளுக்குக் கொடுத்துவிடுவாள். எங்கள் பகுதியில் இருபது வருஷமாகப் பிறந்த குழந்தைகள் அத்தனையும் ஜரிகை போட்ட பொன்னாடையைத்தான் நனைத்திருக்கின்றன.

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன வருஷம் சர்வே வந்தது.

சாக்பீஸும் பெயிண்டுமாக வந்து கதவுகளில் நம்பர் எழுதினார்கள். குடிசைகளை இடித்துக் கட்டடம் கட்டுவார்கள், தகுதி உள்ளவர்களுக்கு அங்கேயே வீடு, தகுதி இல்லாதவர்கள் எங்கேயோ உப்பளத்துப் பக்கம் எப்போதோ கட்டப்போகும் வீட்டில் வாடகைக்குப் போக வேண்டும். தகுதி என்றால் படிப்போ ஒழுக்கமோ இல்லை. இரண்டாயிரத்துக்கு முன்னாலிருந்து இடைவிடாமல் இந்த அறையில் இருந்தோம் என்பதற்கு ஒரு காகிதம். முதலில் அண்ணாச்சி வீட்டு வரிசையைக் கூப்பிட்டார்கள். எங்கள் வரிசை பிறகு.

அண்ணாச்சியிடம் அந்தக் காகிதம் இருந்தது. அப்பா சுப்பையா பெயரில் பழைய லைட் பில்லு. அப்பாவுக்கு இவர் ஒரே பிள்ளை என்பதற்கும் தாள் இருந்தது. சர்வேக்கு வந்த பிள்ளைகளே, "இது போதும் அங்கிள், ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்களுக்குப் போதும் என்றால் போதுமா? தாராவியில் வீட்டுக்கு ஒரு ஃபைல் உண்டு. வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் பிள்ளையை ஒரு கையிலும் ஃபைலை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டுதான் ஓடுவோம். அதில் தடுப்பூசி அட்டை இருக்கும், பள்ளிக்கூடத்து டி.சி. இருக்கும், கோயில் வரி ரசீது இருக்கும், பள்ளிவாசல் சந்தா ரசீது இருக்கும், செத்துப்போனவருடைய பஸ் பாஸ் இருக்கும். எது எந்த ஆபீசில் எடுபடும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் வைத்துவிடுவோம். கனமான ஃபைலைக் கண்டால் ஆபீசர் பயப்படுவார் என்பது எங்கள் நம்பிக்கை.

பஞ்சு வந்து அண்ணாச்சியின் ஃபைலைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ஆஸ்பத்திரி சீட்டு மாதிரி இருக்கு. மெடல் பேப்பர் எங்க?"

"அது என்னத்துக்குடே? லைட் பில்லு போதும்னு சொல்லிட்டாவளே."

"லைட் பில்லு எல்லாப் பயலும்தான் வச்சிருக்கான். மெடல் எவன் வச்சிருக்கான்? மொதல் பக்கத்துல வையும். தெறந்த ஒடனே ஆபீசர் எந்திரிச்சு நிக்கணும்."

நானும் அங்கேதான் இருந்தேன். நானும், "ஆமா அண்ணாச்சி, மேல வையுங்க. நல்ல காரியம் செஞ்சதுக்குக் கெடச்ச காகிதம்லா" என்றேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். கிங்ஸ் சர்க்கிளில் கடைக்குப் போய் அதை லேமினேஷன் செய்து வந்ததும் என் வீட்டுக்காரர் கரீம் பாட்சாதான். லைட் பில்லு அடியில் போயிற்று. தங்கச் சிங்கம் அச்சடித்த காகிதம் மேலே வந்தது.

ஆபீசுக்கு அண்ணாச்சி, மதினி, பஞ்சு, சாட்சிக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர் மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் எங்கள் சந்துக்கு வந்தவர். யாருடைய பழைய பில்லையோ ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார். ஒரே தாள். இரண்டு நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

உள்ளே உட்கார்ந்திருந்த ஆபீசர் பையனுக்கு ஷ்ரவண் என்று பெயர். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பமாம். எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ, உக்காருங்கோ. நேக்குத் தமிழ் படிக்க வராது, பேசத்தான் வரும்" என்று ஃபைலைத் திறந்தார்.

பஞ்சு சொன்னபடியே நடந்தது. பிள்ளை எழுந்து நின்றுவிட்டார்.

"மை காட். மாமா, இது நீங்களா?"

"நான்தான் தம்பி."

"எங்க தாத்தா பட்டாளத்துக்காராளைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடுவார். ஒரு நிமிஷம்." பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டார். ஐந்து பேர் வந்து நின்று அண்ணாச்சியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எங்கள் எல்லோருக்கும் டீ வந்தது. பஞ்சு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் மனசுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

டீயைக் குடித்துக்கொண்டே ஷ்ரவண் அந்தக் காகிதத்தை வரி வரியாக வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் சுருங்கியது.

"மாமா, இதுல தொண்ணூத்தொம்பது ஜூலைன்னு தேதி போட்டிருக்கே."

"ஆமா."

"அப்போ நீங்க இந்த ரூம்ல இல்லையா?"

"சண்டையில இருந்தேன் தம்பி. ரெண்டாயிரத்தொண்ணு வரைக்கும் வடக்கதான்."

"மாமி இருந்திருப்பா."

"அவ பிள்ளைப்பேறுக்கு ஊருக்குப் போயிருந்தா. எங்கப்பா அதுக்கு முந்தின வருஷம் தவறிட்டாரு."

"ரூம்?"

"பூட்டிக் கெடந்துச்சு."

பஞ்சு மேஜைக்கு அடியில் அண்ணாச்சியின் காலை மிதித்தார். ஆனால் மிதித்தது இடது பக்கம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் காலை.

ஷ்ரவண் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. லைட் பில் மட்டும் வெச்சிருந்தேள்னா நான் கேட்டிருக்கவே மாட்டேன். இப்போ நீங்க அங்க இல்லைங்கறதுக்குக் கவர்ன்மென்ட் ப்ரூஃப் நீங்களே கொடுத்திருக்கேள். கையெழுத்து யாரோடது பாருங்கோ. இதுக்கு மேல பெரிய ப்ரூஃப் இந்தத் தேசத்துல கிடையாது."

"நாட்டுக்காகப் போயிருந்தாருன்னு எழுதிக்கிட முடியாதா சார்?" என்றார் பஞ்சு.

"எழுத இடம் இல்லை. இருந்தாரா, இல்லையா, ரெண்டே கட்டம். 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கு. அதை அமுக்கினா ஃபைல் எங்க போறதுன்னு எங்க சாருக்கே தெரியாது."

இல்லை என்கிற கட்டத்தை அமுக்கினார். அமுக்கிவிட்டு எழுந்து நின்று அண்ணாச்சிக்கு ஒரு சல்யூட் அடித்தார். அந்தப் பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. பொய்க் கலக்கம் இல்லை.

மாதம் திரும்பியதும் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தவருக்குத் தகுதி இருந்தது. வானமாமலைக்கு இல்லை. அப்பீல் செய்ய முப்பது நாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஞ்சு ஸ்டாம்ப் பேப்பரோடு வந்தார். முகம் வாடியிருந்தது, ஆனால் வழி கண்டுபிடித்திருந்தார்.

"வக்கீலப் பாத்துட்டேன் அண்ணாச்சி. மெடல் பேப்பரைத் தப்பா வச்சுட்டோம், அது வேற வானமாமலைன்னு சொல்லிருவோம். நீர் ஒரே ஒரு வரி எழுதிக் குடுக்கணும். 'மேற்படி காலத்தில் மேற்படி அறையில் குடியிருந்தேன், எங்கும் போகவில்லை.' இந்தா, கையெழுத்துப் போடும்."

அண்ணாச்சி வலது காதை அவர் பக்கம் திருப்பினார். "திரும்பச் சொல்லு."

பஞ்சு திரும்பச் சொன்னார்.

"எங்கயும் போகலன்னா நான் யாருடே? பட்டாளத்த விட்டு ஓடி வந்தவன். சண்டை நடக்கும்போது வீட்டுக்குள்ள பதுங்கி இருந்தவன். அப்படித்தான எழுதிருக்கு?"

"யாரு படிக்கப் போறா அண்ணாச்சி? ஃபைலுக்குள்ள போயிரும்."

அவர் மகள் இசக்கிசெல்வி செம்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அந்த வீட்டில் பிறக்காவிட்டாலும் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பப்பா, சைன் பண்ணுங்க. அம்மாக்கு மூட்டு வலி. எங்க போயி இருப்பாங்க? அந்த மெடலுக்குள்ள படுத்துத் தூங்க முடியுமா? வருஷத்துக்கு ஆறு தேங்காய்தான அது குடுத்துச்சு?"

அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அண்ணாச்சி பேனாவைக் கையில் வாங்கினார்.

"சாத்தாராக்காரன் வருஷா வருஷம் ஜூலை மாசம் போன் பண்ணுதான்" என்றார். "இந்த வருஷம் பண்ணும்போது என்ன சொல்ல? அன்னைக்கு நான் தாராவில இருந்தேன்பா, ஸ்டாம்ப் பேப்பர் இருக்குன்னு சொல்லவா? அப்ப அவனத் தூக்கிட்டு வந்தது யாரு?"

பஞ்சு தலையைச் சொறிந்தார். "அவன்ட்ட சொல்ல வேண்டாமே."

"அவன்ட்ட சொல்ல வேண்டாம். இன்னொருத்தன் இருக்கானே, செத்துப்போனவன். அவன்ட்ட?"

முருகம்மாள் மதினி இத்தனை வருஷமும் அந்தப் பதக்கத்தைத் திட்டாத நாளில்லை. அதனால் ஒரு காது போச்சு, அதனால் ஊரெல்லாம் கூப்பிட்டு வெயிலில் நிற்க வைக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் எழுந்து வந்து, அவர் கையிலிருந்து பேனாவையும் ஸ்டாம்ப் பேப்பரையும் எடுத்து, பேப்பரை நன்றாக மடித்துப் பஞ்சுவின் சட்டைப் பையில் வைத்தாள்.

"கொண்டு போங்க தம்பி. எனக்கு வீடு வேணும். ரொம்ப வேணும். ஆனா நான் பிள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு இந்த மனுஷன் உசுரோட வருவாரா வருவாரான்னு ராத்தூக்கம் இல்லாமக் கெடந்தது பொய்யின்னு எவனும் எழுதக் கூடாது."

இசக்கிசெல்வி அழுதாள். அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். முப்பது நாள் ஓடிப்போயிற்று.

சான்பாடா சொசைட்டியில் விஷயம் தெரிந்து மீட்டிங் போட்டார்களாம். எங்கள் வீரர் வீடில்லாமல் இருப்பதா என்று செக்ரட்டரி உருக்கமாகப் பேசினாராம். பம்பு மோட்டார் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை காலியாக இருந்தது. குடும்பத்தோடு அங்கே இருந்துகொள்ளலாம். ஒரே ஒரு விருப்பம்: பதக்கத்தைக் கீழே லாபியில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும், வருகிறவர்கள் பார்க்கட்டும், கட்டடத்துக்கு ஒரு மதிப்பு. அண்ணாச்சி சரி என்றுவிட்டார்.

"மனசு வந்துச்சா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அது எங்க இருந்தா என்ன தங்கச்சி. அன்னைக்கு நான் எங்க இருந்தேங்கதுதான முக்கியம். அத யாரும் மாத்தலைலா."

இப்போது அந்தப் பதக்கத்துக்கு மேலே ஒரு விளக்கு எரிகிறதாம். அதைப் பார்க்க வருகிறவர்கள் கேட்டில் பெயர் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எழுதி வாங்குகிறவர் யாரென்று யாரும் கேட்பதில்லை.

அவர்கள் கிளம்பிய அன்று டெம்போ சந்துக்குள் வராமல் தொண்ணூறடி ரோட்டிலேயே நின்றது. சந்தே சேர்ந்து சாமான்களைத் தூக்கிப் போய் ஏற்றியது. பஞ்சு ஒரு சால்வையோடு வந்து நின்றார். மதினி பார்த்த பார்வையில் அதைத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டு கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார்.

"இடம் எப்படி மதினி?" என்றேன்.

"கண்ணாடிப் பெட்டிக்கு ஏ.சி. காத்து. எங்களுக்கு மோட்டார் சத்தம். அவருக்கு ஒரு காது கேக்காது, குடுத்து வச்சவரு. எனக்கு ரெண்டும் நல்லாக் கேக்குது" என்று சொல்லிச் சிரித்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நானும் விடவில்லை. அல்லாஹ் உங்களை நல்லா வைப்பான் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணாச்சி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வலது காது என் பக்கம் வரும்படி திரும்பினார்.

"உங்க வரிசைக்கு எப்பமாம் தங்கச்சி?"

"அடுத்த மாசம்னு சொல்லுதாவ அண்ணாச்சி. அவுக ஃபைல் அடுக்கிட்டு இருக்காவ."

டெம்போ நகர்ந்தது. அவர் தலையை வெளியே நீட்டி, பட்டாளத்தில் கத்திப் பழகிய குரலில் சொன்னார்:

"பாய்ட்ட சொல்லுங்க, நல்லது எதையும் ஃபைல்ல வச்சிராதிய. லைட் பில்லு மட்டும் வையுங்க!"